“எடையைக் குறையுங்கள்” என்பது அறிவுரைதான், சிகிச்சை அல்ல



சில வாரங்களுக்கு முன், அடையாறு வட்டாரத்துப் பள்ளிவாசல் ஒன்றின் மதரஸாக் கூடத்தில் ஒருநாள் இலவச மருத்துவ முகாம் நடைபெற்றது. ஜுமுஆவில் அறிவிப்புச் செய்திருந்தார்கள். எடை பார்த்தார்கள், இரத்த அழுத்தம் பார்த்தார்கள், விரல் நுனியில் ஊசி குத்திச் சர்க்கரையும் பார்த்தார்கள். ஐம்பது வயதை நெருங்கும் ஒரு சகோதரி தம் முறை வந்ததும் மருத்துவர் முன் அமர்ந்தார். தாளைப் பார்த்த மருத்துவர், “எடையைக் குறைக்கணும் அம்மா” என்றார். அந்தச் சகோதரி சற்றுத் தயங்கிவிட்டு, “எப்படிங்க டாக்டர்?” என்று கேட்டார்.

பின்னால் வரிசை நீண்டிருந்தது. “சோற்றைக் குறைச்சுக்கங்க, தினமும் நடங்க” என்று சொல்லி, மருத்துவர் அடுத்தவரை அழைத்தார்.

அந்த மருத்துவர் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஒரு நோயாளிக்கு மூன்று நிமிடம் மட்டுமே கிடைக்கும் இடத்தில் அதற்கு மேல் எவரும் சொல்ல இயலாது. ஆயினும் அந்தச் சகோதரி கேட்ட “எப்படி” என்ற ஒரு சொல்லுக்கு நம் சமுதாயம் இதுவரை விடை தரவில்லை என்பதும், விடை தருவதற்கு வேண்டிய எல்லாம் நம் மஹல்லாக்களிலேயே இருக்கின்றன என்பதும் என் எண்ணம். அதை விளக்கவே இக்கட்டுரை.

எண்கள் சொல்வது

ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு 2019 முதல் 2021 வரை நடைபெற்றது. அதன்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடற்பருமன் உடையவர்கள். ஆண்களில் இது 37 விழுக்காடு. அதற்கு முந்தைய ஆய்வில் (2015-16) பெண்கள் 30.9 விழுக்காடாகவும், ஆண்கள் 28.2 விழுக்காடாகவும் இருந்தனர். ஏறத்தாழ ஐந்தே ஆண்டுகளில் நூற்றுக்குப் பத்துப் பெண்கள் இந்தக் கணக்கில் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். அகில இந்திய அளவில் பெண்களுக்கு இது 24 விழுக்காடுதான். அந்த அளவைக் காட்டிலும் நம் மாநிலம் வெகுதூரம் முன்னால் போய்விட்டது. பெருமைப்பட முடியாத முன்னேற்றம் இது.

உடல் எடையைக் கிலோகிராமில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, எடையை உயரத்தால் இருமுறை வகுத்தால் கிடைப்பது பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறைக் குறியீட்டெண். மேலைநாட்டாருக்கு 30 என்ற எண்ணைத் தாண்டினால்தான் உடற்பருமன் என்பார்கள். இந்தியர்களுக்கு மருத்துவ வல்லுநர்கள் வகுத்த எல்லை 25 ஆகும். நம் உடல்வாகு, குறைந்த எடையிலேயே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பைச் சேர்த்துக்கொள்வதும், அதனால் நீரிழிவும் இதயநோயும் முன்னதாகவே வருவதும் இதற்குக் காரணம். 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் 64 கிலோவை எட்டும்போதே இந்த எல்லையைத் தொட்டுவிடுகிறார். இடுப்பைச் சுற்றி அளந்தால் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது எச்சரிக்கைக் கோடு. இந்த அளவுகளைத் தம் வீட்டில் ஒருவருக்குக்கூடப் பொருத்திப் பார்க்க வேண்டாத குடும்பம் நம்மில் மிகக் குறைவாகவே இருக்கும்.

குற்றமா, நோயா?

பருமன் உடையவரைக் கண்டால் நம் நாவு எளிதில் தவறிவிடுகிறது. “குண்டு” என்று பெயருக்கு முன்னால் அடைமொழி சேர்க்கிறோம். பெண் பார்க்கச் சென்ற இடத்தில் உடலைப் பற்றிப் பேசிவிட்டு வருகிறோம். வலீமாப் பந்தியில் ஒருவரின் தட்டைப் பார்த்துச் சிரிக்கிறோம். சூரத்துல் ஹுஜுராத்தின் பதினோராவது வசனம் ஒருவரையொருவர் ஏளனம் செய்வதையும் பட்டப்பெயர் சூட்டி அழைப்பதையும் வெளிப்படையாகத் தடை செய்கிறது. பெண்கள் பெண்களை ஏளனம் செய்வதையும் தனியே குறிப்பிட்டுத் தடுக்கிறது. இந்த வசனத்தை ஓதத் தெரிந்த நாம், அதைச் சாப்பாட்டு விரிப்பில் மறந்துவிடுகிறோம்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த ஒரு செய்தி அபூதாவூத் தொகுப்பில் உள்ளது. ஒரு பயணத்தில் அவர்களும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் ஓட்டப் பந்தயம் வைத்துக்கொண்டார்கள், அன்னை முந்தினார்கள். பின்னொரு காலத்தில், அன்னையின் உடலில் சதை போட்டுவிட்ட நிலையில், மீண்டும் ஓடினார்கள். அப்போது நபியவர்கள் முந்தி, அன்றைய வெற்றிக்கு இது ஈடு என்ற பொருள்பட இனிமையாகச் சொன்னார்கள். இச்செய்தியைப் பலரும் இல்லற இனிமைக்கு எடுத்துக்காட்டுவர். எனக்கு இதில் வேறு இரு செய்திகளும் தெரிகின்றன. தம் எடை கூடியதை அன்னையவர்களே எவ்விதக் கூச்சமும் இன்றிச் சொல்கிறார்கள். எடை கூடிய பிறகும் கணவர் மனைவியை ஓட அழைக்கிறார். கேலி செய்து மூலையில் உட்கார வைக்கவில்லை.

பருமனை வெறும் நாவடக்கமின்மையாகக் காண்பதும் அறிவுக்குப் பொருந்தாது. மரபுவழி, உறக்கக் குறைவு, மன அழுத்தம், சில மருந்துகள், மகப்பேற்றுக்குப் பின் நிலைத்துவிடும் எடை என இதற்குக் காரணங்கள் பல. எடையைக் குறைத்தவரின் உடல், இழந்ததை மீட்கவே முயல்கிறது. பசியைத் தூண்டும் சுரப்புகள் கூடுகின்றன; உடல் செலவிடும் ஆற்றல் குறைகிறது. எடை குறைந்து ஓராண்டு சென்ற பின்னும் இந்த மாற்றம் நீடிப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே, குறைத்தவர் மீண்டும் கூடிவிட்டால் “ஈமானில் உறுதியில்லை” என்று எவரும் தீர்ப்பளிக்க வேண்டாம். உடலோடு நெடுநாள் போராட வேண்டிய ஒருவருக்குத் தேவைப்படுவது நெடுநாள் துணை.

முழுமையான சிகிச்சை என்றால் என்ன?

அந்தத் துணைக்கு மருத்துவ உலகம் ஒரு வடிவம் கொடுத்திருக்கிறது. அமெரிக்க இதயநல அமைப்புகளும் உடற்பருமன் ஆய்வுச் சங்கமும் 2013இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல் அதை முழுமையான வாழ்வியல் சிகிச்சை என்று வரையறுக்கிறது. அதில் மூன்று கூறுகள் உண்டு. முதலாவது, நாளொன்றுக்கு 500 கலோரி அளவுக்கு உணவைக் குறைப்பது. இரண்டாவது, வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட வேக நடை அல்லது அதற்கு நிகரான உழைப்பு. மூன்றாவது, நாம் பெரும்பாலும் அறியாதது: பழக்கத்தை மாற்றும் பயிற்சி. உண்பதைக் குறிப்பேட்டில் எழுதுதல், வாரந்தோறும் எடை பார்த்தல், எந்த நேரத்தில் எந்தச் சூழலில் கை தானாகத் தட்டுக்குப் போகிறது என்று கண்டறிதல், சிறு இலக்கு வைத்தல், தவறினால் எங்கே தவறியது என்று அமைதியாக ஆராய்தல் ஆகியவை அந்தப் பயிற்சியில் அடங்கும்.

இம்மூன்றையும் பயிற்சி பெற்ற ஒருவரின் வழிநடத்தலில், ஆறு மாதங்களில் குறைந்தது 14 அமர்வுகளாக நடத்த வேண்டும் என்பதும், அதன் பிறகும் ஓராண்டு அல்லது அதற்கு மேல் தொடர்பு விட்டுப்போகக் கூடாது என்பதும் அவ்வழிகாட்டுதலின் கூற்று. இவ்வாறு செய்தால் ஆறு மாதத்தில் சராசரியாக 5 முதல் 10 விழுக்காடு எடை குறையும். 80 கிலோ உள்ள ஒருவருக்கு இது 4 முதல் 8 கிலோ. பார்ப்பவர் வியக்கும் அளவன்று. ஆனால் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கத் தொடங்குவதற்கு இதுவே போதும்.

முகாமில் அந்தச் சகோதரிக்குக் கிடைத்த மூன்று நிமிடத்தையும் இந்த 14 அமர்வுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அவர் கேட்ட கேள்விக்கு மூன்று நிமிட விடை என்று ஒன்று கிடையாது.

நம் சென்னையே கண்ட சான்று

“இவையெல்லாம் அமெரிக்காவுக்குச் சரி, பிரியாணிக்கும் தால்சாவுக்கும் பழகிய நமக்கு ஆகுமா?” என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்வி. அதற்குரிய விடையை நம் சென்னையே தந்திருக்கிறது.

2002இல் அமெரிக்காவில் 3,234 பேரிடம் நடத்திய ஆய்வொன்றின் முடிவு வெளியாயிற்று. நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த அவர்களில் ஒரு பிரிவினருக்கு, 7 விழுக்காடு எடைக் குறைப்பும் வாரம் 150 நிமிட உழைப்பும் இலக்காக வைத்து 16 பாடங்கள் நடத்தப்பட்டன. அப்பிரிவில் நீரிழிவு வருவது 58 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் உண்டவர்களிடம் 31 விழுக்காடுதான் குறைந்தது.

சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரனும் அவர்தம் குழுவினரும் 531 பேரிடம் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2006இல் வெளிவந்தது. மூன்றாண்டுகளில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. உணவு, உழைப்பு மாற்றங்களில் தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் 39.3 விழுக்காட்டினருக்கே வந்தது. இதில் கவனிக்க வேண்டிய செய்தி, அப்பிரிவினரின் எடை பெரிதாகக் குறைந்துவிடவில்லை என்பதே. எடைக்கருவியின் முள் அசையாவிட்டாலும் உடலுக்குள் நன்மை நடந்துகொண்டிருந்தது. “இரண்டு மாதம் நடந்தேன், ஒரு கிலோகூட இறங்கவில்லை” என்று மனம் தளர்ந்து நடையை விட்டுவிடும் நம் சகோதரர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

அடுத்து, மருத்துவர் வி. மோகன் தலைமையிலான சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடத்திய ஆய்வு. 2016இல் முடிவு வெளியான அந்த ஆய்வில் பங்கேற்ற 578 பேரும் அதிக எடையோ உடற்பருமனோ உடைய சென்னைவாசிகள். மேற்சொன்ன அமெரிக்கப் பாடத்திட்டத்தை நம் உணவுக்கும் பழக்கத்துக்கும் ஏற்பத் திருத்தி, ஆறு மாத வகுப்பாகக் குழுவில் வைத்து நடத்தினார்கள். மருத்துவத் துறையினரோடு பயிற்சி பெற்ற சமூகக் கல்வியாளர்களும் வகுப்பெடுத்தார்கள். நான்கு மாதம் சென்றும் ஆபத்து மிகுந்திருந்தவர்களுக்கு மட்டும் மெட்ஃபார்மின் சேர்க்கப்பட்டது. மூன்றாண்டு முடிவில் வகுப்பில் சேராதவர்களில் 34.9 விழுக்காட்டினருக்கும், சேர்ந்தவர்களில் 25.7 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு வந்திருந்தது.

இந்த எண்களை மிகைப்படுத்தவும் கூடாது. வகுப்பில் சேர்ந்தும் நான்கில் ஒருவருக்கு நோய் வந்துவிட்டது. சேர்ந்தவர்களில் 72 விழுக்காட்டினருக்கு மாத்திரையும் தேவைப்பட்டது. ஆகவே “மருந்தே வேண்டாம், கருஞ்சீரகமும் நடையும் போதும்” என்று மேடையில் முழங்குவோருக்கு இந்த ஆய்வு துணை நிற்காது. வகுப்பும் வேண்டும், மருத்துவரும் வேண்டும் என்பதே இதன் பாடம். பத்துப் பேர் அந்த வகுப்பில் சேர்ந்தால், மூன்றாண்டுகளில் அவர்களுள் ஒருவர் நீரிழிவிலிருந்து காக்கப்படுகிறார் என்பது இதன் கணக்கு. ஒரு மஹல்லாவில் நூறு பேர் சேர்ந்தால் பத்துக் குடும்பங்கள்.

மார்க்கம் தந்திருக்கும் வலிமை

இனி நம் பக்கம் வருவோம். அல்லாஹ்வுக்கு மிக விருப்பமான செயல்கள், குறைவாயினும் தொடர்ந்து செய்யப்படுபவையே என்று நபியவர்கள் (ஸல்) கற்பித்ததை புகாரியிலும் முஸ்லிமிலும் காண்கிறோம். பழக்கத்தை மாற்றும் பயிற்சியின் அடித்தளமும் இதுதான். ஒரே நாளில் சோற்றை அறவே விட்டுவிட்டு மூன்றாம் நாள் இருமடங்கு உண்பதைவிட, நாள்தோறும் ஒரு கரண்டி குறைப்பது நிலைக்கும்.

வயிற்றின் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற திர்மிதீ அறிவிப்பை அறியாதவர் நம்மில் இல்லை. ஆனால் அந்த அறிவிப்பில், முதுகெலும்பை நிமிர்த்தி நிறுத்தும் சில கவளங்களே போதும் என்பதுதான் முதலில் வருகிறது. அது இயலாதவருக்கே மூன்றில் ஒரு பங்கு என்னும் எல்லை. நாம் அந்த எல்லையையே இலக்காகக் கொண்டு, அதையும் தாண்டி நிற்கிறோம். உடலுக்கும் நம் மீது உரிமை உண்டு என்று இடைவிடாது நோன்பு நோற்ற ஒரு தோழருக்கு நபியவர்கள் அறிவுறுத்தினார்கள். அளவுக்கு மீறி உடலை வருத்தியவருக்குச் சொன்ன அந்த உரிமை, அளவுக்கு மீறி உடலில் ஏற்றுபவருக்கும் பொருந்தும்.

இங்கே இரண்டு பொதுவான எண்ணங்களைப் பணிவுடன் மறுக்க வேண்டியிருக்கிறது. “ஐவேளைத் தொழுகையே போதிய உடற்பயிற்சி” என்பது ஒன்று. தொழுகை இபாதத். அதன் பயன் மூட்டுக்கும் முதுகுக்கும் ஓரளவு கிட்டலாம்; ஆனால் அது 150 நிமிட வேக நடைக்கு ஈடாகாது. பள்ளிவாசலை நோக்கி எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் நன்மை உண்டு என்று அறிந்தும், பத்து நிமிட தூரத்திற்கு ஸ்கூட்டரை எடுக்கும் நாம் இந்த வாதத்தை முன்வைப்பது பொருத்தமும் இல்லை.

“ரமலான் வந்தால் எடை தானாகக் குறைந்துவிடும்” என்பது மற்றொன்று. நோன்பு மாதத்தில் சராசரியாகச் சிறிதளவு எடை குறைகிறது. சில வாரங்களில் அது திரும்பியும் விடுகிறது என்றே ஆய்வுகள் பலவும் காட்டுகின்றன. நோன்புக் கஞ்சியோடு நின்றால் நல்லது. அதன் பக்கத்தில் வடை, சமோசா, பஜ்ஜி, ரோஸ்மில்க். தராவீஹ் முடிந்ததும் பரோட்டா. சஹருக்கு மீண்டும் முழுச் சாப்பாடு என்றால், பகலின் பட்டினி இரவில் கடனோடு தீர்க்கப்படுகிறது. ஆயினும் ரமலான் நமக்கு ஒன்றை மெய்ப்பிக்கிறது. ஊரே சேர்ந்து ஒரு நியமத்தைக் கைக்கொண்டால், தனியாக இயலாதது இயன்றுவிடுகிறது. ஷவ்வால் மாதம் தனியாக ஒரு நோன்பு வைப்பதற்குப் படும் பாட்டை நினைத்துப் பாருங்கள். ரமலானில் முப்பதும் எளிதாகப் போனது ஜமாஅத்தின் வலிமையால்தான்.

சென்னை ஆய்வின் குழு வகுப்பு வாரந்தோறும் உருவாக்க முயன்றதும் இதே வலிமையைத்தான். ஃபஜ்ரில் இரண்டு நாள் காணாவிட்டால் மூன்றாம் நாள் “என்ன பாய், உடம்பு சரியில்லையா?” என்று கேட்கும் பக்கத்து ஸஃப்புக்காரர் நமக்கு ஏற்கெனவே இருக்கிறார். பிறர் பணம் செலவிட்டு ஏற்படுத்த வேண்டிய ஒன்று, நமக்கு ஐந்து வேளையும் கிடைத்திருக்கிறது.

ஒரு மஹல்லா செய்யக்கூடியது

எனவே என் வேண்டுகோள் இது. ஆண்டுக்கொரு முறை ஒருநாள் முகாம் நடத்தும் நம் ஜமாஅத்துகள், அதோடு நில்லாமல், ஆறு மாத வகுப்பு ஒன்றை நடத்த முன்வர வேண்டும். மஹல்லாவைச் சேர்ந்த மருத்துவர் ஒருவர், உணவியல் படித்த ஒருவர், பொறுமையாகப் பேசத் தெரிந்த தன்னார்வலர் இருவர் போதும். பதினைந்து முதல் இருபது பேர் வரை ஒரு குழு. முதல் நாள் மருத்துவர் அனைவரையும் பரிசோதித்து, இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்போர், இதயநோய் உள்ளோர், கருவுற்ற பெண்கள் ஆகியோருக்குத் தனி அறிவுரை தர வேண்டும். பிறகு வாரம் ஒரு மணி நேரம். எடை பார்ப்பது, அதுவும் மறைவில்; கடந்த வாரக் குறிப்பேட்டைப் பார்ப்பது; ஒரு பாடம்; அடுத்த வாரத்திற்கு ஒரே ஓர் இலக்கு. ஆறு மாதம் முடிந்த பின் மாதம் ஒருமுறை சந்திப்பு.

பாடங்கள் நம் சமையலறையிலிருந்தே வர வேண்டும். பிரியாணியை ஹராமாக்கும் பாடம் எவருக்கும் பயன்படாது. தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு கறியோ மீனோ பருப்போ, கால் பங்கு சோறு என்ற அளவு. வெள்ளிக்கிழமைப் பிரியாணிக்கு முன் பச்சைக் காய்களை உண்பது. தேநீரில் சர்க்கரையைப் படிப்படியாகக் குறைப்பது. இரவுச் சாப்பாட்டை இஷாவுக்கு முன் முடிப்பது. இவை போதும். சஹனில் பலர் சேர்ந்து உண்ணும்போது யார் எவ்வளவு உண்டார் என்ற கணக்கு எவருக்கும் தெரியாது. சேர்ந்து உண்பதன் பரக்கத்தை விடாமல், சஹனில் வைக்கும் அளவைக் குறைக்கலாம்.

பெண்களுக்கான குழுவே முதலில் தொடங்கப்பட வேண்டும் என்பதை அழுத்திச் சொல்வேன். நோயின் பாரம் அவர்களிடமே அதிகம். வாய்ப்போ அவர்களுக்கே குறைவு. நம் வீட்டு உம்மாமார்கள் அனைவருக்கும் பரிமாறிவிட்டு, இரவு பத்தரை மணிக்கு, வீணாக்கக் கூடாது என்ற எண்ணத்தில் எஞ்சியதையெல்லாம் உண்கிறார்கள். அளவாகச் சமைப்பதும், சேர்ந்து உண்பதும், மிஞ்சியதை எடுத்து வைப்பதும் குடும்பம் முழுவதும் கற்க வேண்டிய பாடங்கள். நடக்கலாம் என்றால், மெட்ரோ பணிகளால் நெருக்கடி மிகுந்துவிட்ட எல்.பி. சாலையில் தனியாக நடக்க அவர்களுக்குத் தயக்கம். பத்துப் பேர் சேர்ந்து ஃபஜ்ருக்குப் பின் பெசன்ட் நகர் கடற்கரைக்குச் சென்றால் அந்தத் தயக்கம் விலகும். தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் “நடப்போம் நலம் பெறுவோம்” என்ற திட்டத்தைத் தொடங்கி, மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையை அடையாளமிட்டது. சென்னைக்கான பாதை நம் பெசன்ட் நகரில்தான் இருக்கிறது. புர்காவோடு நடப்பதில் தடை ஏதும் இல்லை. நல்ல காலணி மட்டும் வேண்டும். வகுப்பு நடத்த மதரஸாக் கூடமோ, ஆலிமா ஒருவரின் இல்லமோ போதும். அந்த ஒரு மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது கணவன்மாரின் பங்கு.

வர முடியாதவர்களையும் விட்டுவிட வேண்டியதில்லை. தென்னிந்தியாவில் பணிபுரியும் ஆண்கள் 537 பேருக்குக் கைப்பேசியில் குறுஞ்செய்தி அனுப்பி நடத்திய ஆய்வு 2013இல் வெளியானது. சென்னை மருத்துவர் ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய அந்த ஆய்வில், இரண்டாண்டுகளில் செய்தி பெறாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கும், பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு வந்தது. நம் மஹல்லா வாட்ஸ்அப் குழுவில் நாள்தோறும் வந்து குவியும் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே, இப்படி ஒரு செய்திக்கும் இடமிருக்கும் அல்லவா?

மறுப்புகளும் விடைகளும்

பள்ளிவாசலின் வேலை இதுவா என்று முத்தவல்லிகள் சிலர் கேட்கலாம். தொழுகை நடக்கும் இடத்தில் எடைக்கருவி வைக்க நான் சொல்லவில்லை. ஆனால் ஜனாஸாவுக்கு ஏற்பாடு செய்யும் ஜமாஅத், உரிய காலத்துக்கு முன்பே வரும் நோயைத் தடுக்க ஒரு கூடம் தருவதில் தவறென்ன? டயாலிசிஸ் செலவுக்கும் இதய அறுவை சிகிச்சைக்கும் உதவி கேட்டு வரும் மனுக்கள் ஜமாஅத்துகளுக்குப் புதியவை அல்ல. அந்தச் செலவில் ஒரு சிறு பகுதியே ஆறு மாத வகுப்புக்குப் போதும்.

ஊசி மருந்து வந்துவிட்டதே, வகுப்பு எதற்கு என்று வசதி உள்ளோர் கேட்கலாம். டிர்செபடைடு, செமாகுளுடைடு ஆகியவை எடைக் குறைப்புக்கான ஊசிகளாக 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்தன. மருத்துவர் தேவை என்று கருதினால் அவற்றைப் பயன்படுத்துவதில் குற்றமில்லை. ஆயினும் உணவுக் கட்டுப்பாட்டோடும் உடலுழைப்போடும் சேர்த்தே பயன்படுத்த வேண்டியவை அவை. செமாகுளுடைடை நிறுத்தியவர்களுக்கு, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டில் திரும்பிவிட்டதாக ஓர் ஆய்வு கண்டது. ஊசி போட்டவருக்கும் வகுப்பு தேவை. ஊசி வாங்க இயலாதவருக்கோ வகுப்பு இன்னும் தேவை. “பதினைந்து நாளில் பத்துக் கிலோ” என்று சுவரொட்டி ஒட்டுவோரிடம் நம் மக்கள் ஏமாறுவதும், இத்தகைய நல்ல வழி அருகில் இல்லாததால்தான்.

யார் வருவார்கள் என்பது கடைசிக் கேள்வி. முதல் வாரம் இருபது பேர் வருவார்கள். பத்தாவது வாரம் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். அந்தப் பன்னிரண்டு வீடுகளின் சமையல் மாறும். அவ்வீட்டுப் பிள்ளைகளின் தட்டும் மாறும். அடுத்த வலீமாவில் அவர்களில் ஒருவர், உணவு வகைகளின் எண்ணிக்கையைக் குறைக்கத் துணிவார். இறைவன் உண்ணவும் பருகவும் அனுமதித்து, விரயத்தை மட்டும் தடுத்த கட்டளை, சூரத்துல் அஃராஃபில் 31ஆவது வசனமாக இருக்கிறது. அது நம் திருமண மண்டபங்களுக்குள் நுழைய இப்படி ஒரு வழி பிறக்கலாம்.

அடுத்த முகாமுக்கும் அந்தச் சகோதரி வருவார். மீண்டும் எடை பார்ப்பார்கள். மீண்டும் அதே சொல்லைச் சொல்வார்கள். அவர் மீண்டும் “எப்படிங்க டாக்டர்?” என்று கேட்கும்போது, “ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பின் மதரஸாக் கூடத்துக்கு வாருங்கள், உங்களோடு பதினைந்து பேர் இருக்கிறார்கள்” என்று சொல்ல நம்மிடம் ஒரு விடை இருக்க வேண்டும். உங்கள் மஹல்லா நிர்வாகிகளிடம் வரும் ஜுமுஆவுக்குப் பின் இதைப் பற்றி ஒரு சொல் பேசிப் பாருங்கள்.

அமானிதமாகத் தந்த உடலைப் பேணவும், ஒருவர் மற்றவருக்குத் துணை நிற்கவும், அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.